இலைச்சாறு ஆய்வுச் செய்திகளில் விடுபடும் அளவு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓர் இலையின் சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது என்ற ஆய்வு முடிவு, அச்சேறும்போது 'நீரிழிவைக் குணப்படுத்தும் இலை' என்று மாறிவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மருந்தியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி மாறும்போது முதலில் காணாமல் போவது அளவுதான்.

உலர்த்திப் பொடித்த இலையை எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கினால், குடுவையின் அடியில் கரும்பச்சைப் பிசின்போல் ஒன்று ஒட்டி நிற்கும். அதைக் கரைத்து, 200 கிராம் எடையுள்ள எலியின் வாய்வழியே வளைந்த குழலூசியால் இரைப்பைக்குள் செலுத்துகிறோம். பிறகு வால் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்கிறோம். கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் என்பது இத்தகைய ஆய்வுகளில் சாதாரணமாகத் தென்படும் அளவு. உடற்பரப்பை வைத்து மனிதருக்கு மாற்றும் வழக்கமான கணக்கில் இதை 6.2 ஆல் வகுத்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 3.9 கிராம் சாறு என்று வருகிறது. காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாகத் தேறும் என்று கொண்டாலும், ஒரு வேளைக்கு 39 கிராம் காய்ந்த இலை வேண்டும். காலையில் நான்கு இலையை மென்று விழுங்குபவருக்கு இந்த ஆய்வு எதையும் உறுதி கூறவில்லை.

கரைப்பானும் அப்படித்தான். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தைத் தேடிய சீன விஞ்ஞானி து யூயூவின் குழுவினர், குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு எடுத்த சாறுதான் 1971-இல் சுண்டெலிகளிடம் முழுப் பலன் தந்தது. செடி ஒன்றேயானாலும் கொதிக்கவைத்த கஷாயம் வேறு, அந்தச் சாறு வேறு.

எலிக்கு வந்த நோய் எது என்பதையும் பார்க்க வேண்டும். எலிக்கு நீரிழிவை உண்டாக்கக் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருள், இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களை அழித்துச் சர்க்கரையை ஏற்றுகிறது. பெரியவர்களிடம் பெரும்பாலும் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவோ இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காததில் தொடங்குவது. இதே நோக்கத்துக்கான அலொக்சான் என்ற இன்னொரு வேதிப்பொருளைக் கொடுத்த எலிகளில் சில தாமாகவே தேறிவிடுவதும் உண்டு. மருந்தில்லா எலிக்கூட்டம் ஒன்று பக்கத்துக் கூண்டில் இல்லையென்றால் அந்தப் பெருமையும் இலைக்கே போய்ச் சேரும். (எந்தக் கூண்டுக்கு எந்தச் சாறு என்பது எலிக்குத் தெரியாது, அளப்பவருக்குத் தெரிந்திருப்பதுதான் தொல்லை.)

விலங்குச் சோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. நீரிழிவுக்கு நல்லது என்று பெயர்பெற்ற நித்தியகல்யாணி இலையை 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பீரும் ஆராய்ந்தபோது, வாய்வழி கொடுத்த சாறு சர்க்கரையைக் குறைக்கவில்லை; ஊசியாகச் செலுத்தியபோது எலிகள் நோய்த்தொற்றில் மடிந்தன. ஏன் மடிந்தன என்று தேடியவர்கள், வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டனர்; அதிலிருந்துதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. 'பலனில்லை' என்று கோப்பை மூடியிருந்தால் அது கிடைத்திராது.

ஆகவே இத்தகைய செய்திகளில், எந்தக் கரைப்பான், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை எலிகள், மெட்பார்மின் போன்ற அறிந்த நீரிழிவு மருந்தோடு ஒப்பிட்டார்களா என்ற விவரங்களை ஒரு வாக்கியத்திலாவது சேர்க்குமாறு வேண்டுகிறேன். ஆய்வாளரைத் தொலைபேசியில் அழைத்தால் இரண்டு நிமிடத்தில் கிடைக்கக்கூடிய தகவல் இது. அவர் சொல்லத் தயங்கினால் செய்தியை ஒரு நாள் தள்ளிப்போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியர் ஒருவர்