போர்வெல் போடுவதற்கு முன்

அம்மான், ஜோர்டான்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

பாப்பா கையெழுத்தில் வந்த கடிதம் கிடைத்து இருபது நாளாகிறது. அதற்கு முந்தைய கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை. வேலை அதிகம், வேறொன்றும் இல்லை. நான் சௌக்கியம்.

மேட்டுக்காட்டில் 1,200 அடிக்குப் புது போர்வெல் போடலாம் என்று பெரியண்ணன் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்த ஊர்த் தண்ணீரில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஊர் பேர் அம்மான் என்றதும், 'மாமன் வீட்டுக்குத்தானே போறே' என்று அம்மா சிரித்தது ஞாபகம் இருக்கிறது. இந்த மாமன் வாரத்தில் ஒரு நாள்தான் குழாயைத் திறப்பான். எங்கள் தெருவுக்குச் செவ்வாய் ராத்திரி. 1987-லிருந்தே இப்படி முறை வைத்துத்தான் விடுகிறார்கள். வாங்கியதை அடுத்த செவ்வாய் வரை ஓட்ட வேண்டும். அதனால் வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் 1,000 லிட்டர், 2,000 லிட்டர் டேங்க். காலியாகக் கிடந்த குழாயில் முதலில் காற்றுதான் வரும். மீட்டர் அதற்கும் ஓடும். அடுத்தது துரு. அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்வோம். மிதவை வால்வின் வாஷர் தேய்ந்திருந்தால் டேங்க் நிறைந்தும் மூடாது, விடிவதற்குள் வழிந்து போகும். அதனால் திங்கட்கிழமையே மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட வேண்டும். தெருக்குழாயிலேயே நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களும் உண்டு. நம் ஊரிலும் செய்கிறார்கள், சொல்லி வையுங்கள். அப்படி இழுத்தால் குழாயின் விரிசல் வழியாகச் சாக்கடையும் உள்ளே வரும்.

மூன்றாவது மாடியில் ஒரு பாட்டி இருக்கிறது. திராட்சை கழுவிய தண்ணீர் எலுமிச்சைச் செடிக்கு, துணி அலசிய தண்ணீர் கக்கூசுக்கு. நான் வாளியை மாற்றி வைத்தால் அரபியில் வைது தீர்க்கும். மறுநாள் அதுவே ரொட்டியும், தயிரை வடிகட்டிச் செய்த லப்னேயும் கொண்டுவந்து கொடுக்கும். கேழ்வரகு மாவு தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. குளிர் பரவாயில்லை, கம்பளி இருக்கிறது.

இனி கணக்கு. 1946-இல், இந்த நாடு சுதந்திரம் வாங்கியபோது, ஆளுக்கு வருஷத்துக்கு 3,600 கன மீட்டர் தண்ணீர் இருந்தது. இப்போது 61. ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். 61-ஐ 365 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 167 லிட்டர். குடிக்கவும் குளிக்கவும் மட்டும் என்றால் தாராளம்தான். ஆனால் தோட்டத்துத் தக்காளிக்கும் ஃபேக்டரிக்கும் சேர்த்துத்தான் இந்த 167. ஆளுக்கு 500 கன மீட்டருக்குக் கீழே போனாலே கடும் தட்டுப்பாடு என்று உலகத்தில் வைத்திருக்கிறார்கள். மழை அத்தனை குறைந்துவிடவில்லை, பெரும்பாலும் வகுக்கிற எண்தான் பெருத்துவிட்டது. அன்றைக்கு ஐந்து லட்சம் பேர்கூடத் தேறாத நாட்டில் இன்றைக்கு ஒரு கோடிக்கு மேல். 1948-லும் 1967-லும் பாலஸ்தீனத்திலிருந்து வந்தார்கள், 2003-க்குப் பிறகு இராக்கிலிருந்து, 2011-க்குப் பிறகு சிரியாவிலிருந்து. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அந்த வரிசையில் ஒருத்தன்தானே.

2013-இல் தெற்கே திசி என்ற இடத்திலிருந்து 325 கிலோமீட்டருக்குக் குழாய் பதித்து வருஷத்துக்கு 10 கோடி கன மீட்டர் கொண்டுவந்தார்கள். நமக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததும் அதே 2013. ஆனால் காவிரி அடுத்த மழைக்கு மறுபடி வரும். திசியில் பூமிக்கடியில் இருப்பது பல ஆயிரம் வருஷத்துக்கு முன் பெய்தது; எடுத்தால் எடுத்ததுதான்.

நம் நாட்டிலும் அதே கதைதான். 1951-இல் ஆளுக்கு 5,177 கன மீட்டர், 2011-இல் 1,545. மேட்டுக்காட்டையே பாருங்கள். தாத்தா காலத்தில் அந்தச் சுற்றுக்கு மூன்று கிணறு. இன்றைக்கு போர் மட்டும் பதினொன்று. பெய்கிற மழை அதேதான்.

அண்ணனிடம் சொல்லுங்கள்: நம் பக்கம் அடியில் கெட்டிப் பாறை. மேலே சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும், கரண்டுச் செலவு கூடும். பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரில் ஃப்ளோரைடும் ஏறும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளுக்குப் பல் கறை படியும், நாள்பட்டால் எலும்பையும் பிடிக்கும். காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடும். குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீரே இருக்கட்டும்.

வற்றிப்போன பழைய போரை மூட வேண்டாம். அதைச் சுற்றி 10 அடிக்கு 10 அடி, 10 அடி ஆழம் குழி எடுங்கள். வெளியே தெரியும் கேசிங் பைப்பில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு நைலான் வலையை இரண்டு சுற்று சுற்றிக் கட்டுங்கள். அடியில் பெருங்கல், மேலே ஜல்லி, அதன்மேல் மணல். பைப்பின் வாயை இறுக்கி மூடுங்கள், பிள்ளைகள் ஓடுகிற இடம். மாட்டுக்கொட்டகைத் தண்ணீர் ஒரு சொட்டும் அதில் இறங்கக் கூடாது. வீட்டுக் கூரைத் தண்ணீரை அதில் விடுங்கள். கூரை 1,000 சதுர அடி. வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழையில் நூற்றுக்கு எண்பது பங்கு பிடித்தாலே கிட்டத்தட்ட 60,000 லிட்டர் உள்ளே போகும். மாமரத்துக்குச் சொட்டுநீர் போட சிறு விவசாயிக்கு முழு மானியம் உண்டு. சிட்டாவை எடுத்துக்கொண்டு தோட்டக்கலை ஆபீசில் கேட்கட்டும்.

பணம் இந்த மாதம் கொஞ்சம் தள்ளிப்போகும். பேங்கில் ஏதோ பேப்பர் கேட்கிறார்கள். அதற்காகத்தான் போர் வேண்டாம் என்கிறேன் என்று அண்ணன் நினைக்க வேண்டாம்.

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனீர்களா? உடம்பெல்லாம் எண்ணெய் வழிய அருவியில் நின்றால் முதுகில் விழுகிற அடி இருக்கிறதே, இங்கே ராத்திரி டேங்க் நிறைகிற சத்தம் கேட்டால் அந்த ஞாபகம்தான். தூக்கம் வராது. சரி, அது கிடக்கட்டும்.

மாங்காய்க் குத்தகையை வியாபாரியிடம் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள், எழுதி வாங்குங்கள். சித்தப்பா வரப்புப் பிரச்சினை என்னவாயிற்று? பாப்பா பரீட்சைக் கட்டணம் நான் கட்டுகிறேன், நீங்கள் வெளியில் வாங்க வேண்டாம்.

இருக்கிற போரை ஆறு மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். 200 லிட்டர் டிரம் எத்தனை நிமிஷத்தில் நிறைகிறது, இரண்டு மணி நேரம் ஓடின பிறகு எத்தனை நிமிஷம் ஆகிறது, இரண்டையும் பாப்பா எழுதி அனுப்பட்டும். அது வரும்வரை போர் வண்டிக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

உங்கள்
சின்னவன்