சோடாவும் எலுமிச்சையும் சேர்ந்தால் பாத்திரம் துலங்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சமையல் சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் குழைத்துத் தடவினால் எந்த உலோகமும் பளிச்சென்று ஆகிவிடும் என்று வீட்டுக் குறிப்பு வந்திருந்தது. நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ நடப்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் காரமும் அமிலமும் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்துவிடும். மிச்சமிருக்கும் சோடாத் துகள் உரசுவதால் கொஞ்சம் அழுக்குப் போகும், அவ்வளவுதான்.

பித்தளைக்கும் செம்புக்கும் எலுமிச்சையும் உப்பும் போதும், சோடா வேண்டாம். அரை மூடியைத் தூள் உப்பில் தொட்டுத் தேய்த்து, இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். ஊறட்டும் என்று இரவெல்லாம் விட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறும். செம்பு மட்டும் தங்கி, இளஞ்சிவப்புத் திட்டு விழும். அதை அழுக்கென்று நினைத்து மறுபடி எலுமிச்சை போட்டால் திட்டு இன்னும் பெருகும். மெருகுப் பசை போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கழுவியதும் ஈரம் போகத் துடைக்காவிட்டால், வேலைப்பாட்டின் இடுக்கில் தங்கிய உப்பும் அமிலமும் பச்சைக் களிம்பைக் கிளப்பும். அலங்காரப் பித்தளை திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தால், பெரும்பாலும் மேலே அடித்த வார்னிஷ் உரிந்திருக்கும். மீதி வார்னிஷையும் எடுக்காமல் எதைத் தேய்த்தாலும் நிறம் சீராக வராது.

வெள்ளியின் கறுப்பு வேறு வகை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் உண்டாகும் வெள்ளி சல்பைடு அது. எலுமிச்சைக்கு அசையாது. கண்ணாடிப் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளி அதில் நன்றாகப் படும்படி வைத்து, ஒரு லிட்டர் கொதிநீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோடா கலந்து ஊற்றுங்கள். சில நிமிடங்களில் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சல்பைடாக இருந்தது பெரும்பாலும் வெள்ளியாகவே திரும்புவதால் தேய்மானம் குறைவு. மெருகுப் பசை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளியைச் சுரண்டும். முலாம் பூசிய பொருளில் அடி உலோகமே தெரிந்துவிடும். முத்து, கல், பசை வைத்து ஒட்டிய பிடி இருந்தால் இந்த முறை ஆகாது. செதுக்கலில் அழகுக்காக விட்ட கறுப்பும் போய்விடும், பிறகு வருந்திப் பயனில்லை.

அலுமினியப் பாத்திரத்தில் சோடாவே படக்கூடாது, கறுத்துப்போகும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் கறுப்பு இறங்கும்.

எவர்சில்வரில் சூடு பட்டு வரும் நீலம், மஞ்சள் நிறங்களை வினிகர் நனைத்த துணியே எடுத்துவிடும். இரும்புக் கம்பி நார் வேண்டாம். அதன் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். பிளீச்சும் வேண்டாம். அது எவர்சில்வரில் பொட்டுப் பொட்டாகக் குழி விழவைக்கும். எலுமிச்சையோ வினிகரோ பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அடுத்த முறை குறிப்பு வெளியிடும்போது எந்த உலோகத்துக்கு என்பதையும், எதோடு சேர்க்கக்கூடாது என்பதையும் சேர்த்தே வெளியிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
மெருகுத் தொழிலில் உள்ள வாசகர்கள்