நின்று பார்க்கும் வரிசையில் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு

வியன்னா அரசு ஓபரா அரங்கில், நின்று பார்க்கும் பகுதியில் எனக்கு வலப்பக்கம் நின்ற அம்மாவுக்கு இந்த நன்றி. பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அன்றுதான் நான் முதன்முதலாக ஓபரா என்னும் இசை நாடகம் பார்த்தேன். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'லா பொஹேம்'. 1896-ல் துரின் நகரில் முதலில் மேடையேறியது. எங்கே நிற்பதென்று தெரியாமல் விழித்தபோது, நீங்கள்தான் என் கழுத்துத் துண்டை வாங்கிக் கம்பியில் முடிச்சுப் போட்டீர்கள். "இனி இது உங்கள் இடம், போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்." கம்பியிலிருந்த சின்னத் திரையில் பாட்டுகளின் ஆங்கில வரிகளையும் வரவழைத்துக் கொடுத்தீர்கள்.

அப்புறம் சொன்னீர்களே, "சாவியையும் கையையும் கவனியுங்கள்" என்று, அதுதான் பெரிய உதவி. முதல் அங்கத்தில் நாயகி மிமியின் மெழுகுவர்த்தி அணைகிறது, சாவி தொலைகிறது. நாயகன் ரொடால்ஃபோ அதைக் கண்டெடுத்தும் சொல்லாமல் பையில் போட்டுக்கொள்கிறான். இருட்டில் தேடுகிற சாக்கில் அவள் கையைத் தொடுகிறான். சில்லிட்ட கை. அதைப் பற்றியே பாடுகிறான். கடைசி அங்கத்தில் காசநோயோடு படுத்திருக்கும் மிமி, "சாவியை நீ சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாய்" என்கிறாள். அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது! அந்தக் கையின் பாட்டும் திரும்பி வந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவள் உயிர் போனது நண்பர்களுக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் ரொடால்ஃபோவுக்குத் தெரிகிறது.

விளக்கு எரிந்ததும் உங்கள் பக்கம் திரும்பினேன். ஒரு கையால் கண்ணைத் துடைத்தபடி, என் துண்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ரொம்ப நன்றி அம்மா.