சிறு பட்டறைக் குண்டுகள்: கலிபோர்னியா நண்பனுக்கு ஒரு கடிதம்

ஏற்காடு,
தை மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனோடு நீ அனுப்பிய படங்களும் கிடைத்தன. இங்கே அனைவரும் நலம். காப்பிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறது, அடுத்து மிளகு. காட்டுமாடுகள் இந்த ஆண்டும் தோட்டத்துக்குள் வந்து போகின்றன. நீ கேட்டிருந்த விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன். எஃகு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் உலோகங்களோடு வாழ்நாளைக் கழித்தவனுக்கு இதைவிடப் பிடித்தமான கேள்வியை நீ கேட்டிருக்க முடியாது.

உன் .30-06 ரைபிளுக்குப் பெரிய நிறுவனங்களின் குண்டுகளை விட்டுவிட்டு, ஓரிருவர் மட்டுமே இருந்து நடத்தும் பட்டறைகளின் குண்டுகளை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்கின் உடலிலிருந்து எடுத்த, அழகாக விரிந்த குண்டின் படத்தைப் பார்த்து எதையும் வாங்காதே. அந்தக் குண்டு என்ன வேகத்தில் பட்டபோது அப்படி விரிந்தது, எந்த வேகத்துக்குக் கீழே விரியாமலே ஊடுருவிப் போய்விடும் என்று செய்தவரிடம் கேள். அதற்கு எண்ணைச் சொல்லி விடை தருபவரிடம் வாங்கு. விரியாத குண்டு மெல்லிய துளையிட்டுப் போய்விடும். குண்டுபட்ட மான் மலையேறி, யார் கண்ணிலும் படாமல், பல மணி நேரம் துடித்துச் சாகும். குண்டைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம் வேண்டும் என்று நான் வலியுறுத்துவது அதற்காகத்தான்.

சிறு பட்டறை என்றால் தரம் குறைவு என்று நான் எண்ணவில்லை. இந்தத் துறையின் நல்ல யோசனைகளில் பல அங்கிருந்துதான் வந்தன. ஓரிகான் மாநிலத்தில் லாரித் தொழில் செய்துவந்த ஜான் நாஸ்லர் 1946இல் கனடாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டபோது, சேறு காய்ந்து ஒட்டியிருந்த அதன் தோலைத் தாண்டி அவருடைய குண்டு ஆழமாக இறங்காமல் சிதறிப்போயிற்று. ஊர் திரும்பியவர் செம்புத் தண்டை இரு முனையிலும் குடைந்து, நடுவே ஒரு தடுப்பை விட்டு, இரண்டு குழிகளிலும் ஈயத்தை நிரப்பினார். முன்பாதி விரிந்து நசுங்கினாலும் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பாதி குலையாமல் உள்ளே சென்றுகொண்டே இருக்கும். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. கொலராடோவில் ஃபிரெட் பார்ன்ஸ் 1932இல் தம் வீட்டு நிலவறையில் குண்டு செய்யத் தொடங்கினார். அந்தத் தொழிலை 1974இல் வாங்கிய புரூக்ஸ் தம்பதியர் 1989இல் ஈயமே இல்லாத முழுச்செம்புக் குண்டைக் கொண்டுவந்தனர். ஐடஹோவின் லூயிஸ்டன் நகரில் பில் ஸ்டைகர்ஸ், தடித்த செம்புக் குழாயில் தூய ஈயத்தைப் பற்றவைத்துச் செய்த பிட்டர்ரூட் குண்டுகளுக்காக வேட்டைக்காரர்கள் காத்துக்கிடந்தார்கள்.

இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பிட்ட குறையைத் தீர்க்க உட்கார்ந்தவர்கள் என்பதைக் கவனி. ஆகவே, ஒரு பட்டறையின் குண்டு உன் கைக்கு வரும்போது, அது உனக்கு இருக்கும் எந்தக் குறையைத் தீர்க்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய ஆங்கிலேய ரைபிள் வைத்திருப்பவருக்கு விடை எளிது. .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று பெயர் இருந்தாலும் அதற்குள் போக வேண்டியது 0.330 அங்குல விட்டமுள்ள குண்டு; .404 ஜெஃப்ரிக்கு வேண்டியது 0.423 அங்குலம். இத்தகைய விட்டங்களைப் பெரிய ஆலைகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. சிறியவர்கள்தான் செய்து தருகிறார்கள். உன்னுடையதோ உலகெங்கும் கிடைக்கும் 0.308 அங்குலம். அரிதானது என்ற காரணத்துக்காக மட்டும் உனக்கு ஒரு குண்டு தேவைப்படாது.

உனக்கு இருக்கும் உண்மையான தேவை ஈயத் தடை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் துப்பாக்கி வேட்டை எதற்கும் ஈயமில்லாத குண்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற சட்டத்தை நீ சலிப்போடு குறிப்பிட்டிருந்தாய். நான் அதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஈயக் குண்டு பட்ட மானை எக்ஸ்ரே எடுத்தால் காயத்தைச் சுற்றி நெடுந்தூரம் ஈயத்துகள்கள் தெறித்திருப்பது தெரியும். வெட்டி எறிந்த குடலை உண்ணும் காண்டார் கழுகுகள் பல அதனால் நஞ்சேறி மடிந்தன. 1982இல் அந்த இனத்தில் எஞ்சியவை 22 பறவைகள்தான். இங்கே மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்தால் நம் பாறுக் கழுகுகள் அழிந்ததையும், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவற்றைக் காக்க எத்தனை பேர் பாடுபடுகிறார்கள் என்பதையும் நீ அறிவாய். அதே ஈயத்துகள் உன் வீட்டுக் குழம்புச் சட்டிக்கும் வருகிறது என்பதை மறந்துவிடாதே.

ஆக, உனக்கு வேண்டியது செம்பு. இங்கேதான் பட்டறைக்குப் பட்டறை வேறுபாடு தொடங்குகிறது. ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பின் அடர்த்தி 8.96. அதே எடையைச் செம்பில் கொண்டுவர வேண்டுமானால் குண்டு நீளமாக வேண்டும். நீளமான குண்டு தலைகுப்புறாமல் பறக்க, குழலின் உட்சுவரில் திருகாக ஓடும் புரி அதை இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும். வூல்விச்சில் பீரங்கிப் படையினருக்குக் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் 1879இலேயே இதற்கு ஒரு சூத்திரம் தந்துவிட்டார்: புரியின் அளவைத் தீர்மானிப்பது குண்டின் எடையைவிட அதன் நீளமே. உன் ரைபிளின் புரி பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஆகையால் 180 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டு இதுவரை நன்றாகப் போயிற்று என்பதற்காக 180 கிரெய்ன் செம்புக் குண்டைத் தேடாதே. 150 முதல் 168 கிரெய்ன் வரை போதும். செம்பு தன் எடையை எளிதில் இழப்பதில்லை என்பதால் இலேசான குண்டே ஆழமாக இறங்கிவிடும்.

நீ படம் அனுப்பியிருக்கும் இரண்டு செம்புக் குண்டுகளும் வெவ்வேறு கொள்கையில் செய்யப்பட்டவை. ஒன்றின் மூக்கு நான்கு இதழ்களாக மலர்ந்து தண்டோடு ஒட்டியே நிற்கிறது. மற்றொன்றின் இதழ்கள் உடலுக்குள் நுழைந்ததும் கழன்று பக்கவாட்டில் பாய, தட்டையான முன்பக்கத்தோடு தண்டு மட்டும் நேரே சென்று மறுபுறம் வெளியேறுகிறது. இரண்டாவது குண்டு பாதி எடையை இழந்துவிட்டது என்று நீ எழுதியிருப்பது சரியான குறை ஆகாது; அது இழக்க வேண்டும் என்றே செய்யப்பட்டது. எது மேல் என்பதில் அறிந்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு இதழ் ஒட்டி நிற்பதே பிடிக்கும், ஏனென்றால் இறைச்சிக்குள் செம்புச் சில்லுகள் கிடக்க வேண்டாம்.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். செய்தவரிடம் அவர் எந்தச் செம்பைக் கடைகிறார் என்று கட்டாயம் கேள். தூய செம்பை லேத்தில் கடைவது கடினம். மெழுகாக இழுபட்டு, வெட்டுக் கருவியில் சுற்றிக்கொள்ளும். அரை விழுக்காடு அளவுக்கு டெல்லூரியம் சேர்த்த செம்பு சில்லுசில்லாக உதிர்ந்து விரைவாக வேலை முடியும், ஆனால் வளையும் இயல்பு குறையும். இதழ் மலர்வதற்குப் பதிலாக முறியக்கூடும். கழன்று போக வேண்டிய இதழுக்கு அது பொருந்தலாம், ஒட்டி நிற்க வேண்டிய இதழுக்குப் பொருந்தாது. அடுத்தது, அந்தத் தண்டின் விறைப்பு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நம் நண்பரிடம் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெள்ளிக் கம்பியை அச்சின் துளைகளில் இழுக்க இழுக்க அது விறைத்துக்கொள்கிறது. அடுத்த துளைக்குப் போகும் முன் அவர் அதை ஊதுகுழல் தீயில் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, தண்ணீரில் நனைத்து, விரலில் சுற்றிப் பார்க்கிறார். சுருண்டு அப்படியே கிடந்தால் பதம் சரி. துள்ளி நிமிர்ந்தால் மறுபடியும் தீக்குப் போகும். ஆலையிலிருந்து இழுத்து வரும் செம்புத் தண்டும் அதே போன்று விறைத்தது. அதன் பதத்தை அறிந்து மூக்குக் குழியின் ஆழத்தையும் சுவரின் கனத்தையும் அமைத்தவருடைய குண்டு மலரும். புதுத் தண்டு வந்ததும் பழைய அளவிலேயே கடைந்து தள்ளுபவருடைய குண்டு ஒரு லாட்டில் மலரும், மறு லாட்டில் மலராது.

வேகக் கணக்கு இங்கேதான் முக்கியமாகிறது. முழுச்செம்புக் குண்டுகளில் பல, வினாடிக்கு 1800 முதல் 2000 அடி வேகமாவது இருந்தால்தான் ஒழுங்காக விரியும். உன் ரைபிளிலிருந்து 2800 அடி வேகத்தில் கிளம்பும் 165 கிரெய்ன் குண்டு, அதன் வடிவத்தைப் பொறுத்து, 300 கஜத்தில் ஏறத்தாழ 2200 அடிக்கு வந்துவிடும். அதற்கு மேல் சுடாதே. தூரம் கூடக் கூட விளிம்பு நெருங்குகிறது.

மோன்டானாவுக்கு எல்க் மான் வேட்டைக்குப் போகும்போது ஈயக் குண்டை எடுத்துக்கொள்ளலாமா என்ற உன் மற்றொரு கேள்விக்கு வருகிறேன். முந்நூறு கிலோ எடையுள்ள கடாவின் தோள் எலும்பை உடைத்து நுரையீரலை அடைய, செம்போடு ஈயத்தைப் பற்றவைத்த குண்டு நம்பத்தக்கது. விரியத் தேவையான வேகமும் அதற்குப் பொதுவாகக் குறைவு. ஆனால் நீ அனுப்பியிருக்கும், நீளவாட்டில் அறுத்த குண்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார். ஈயத்துக்கும் செம்பு உறைக்கும் நடுவே, அடிப்பாகத்தில், மயிரிழையாக ஒரு கருங்கோடு ஓடுகிறது. அங்கே பற்று பிடிக்கவில்லை. ஈயமும் செம்பும் இயல்பாகக் கலக்காத உலோகங்கள். உறையின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ களிம்போ கொஞ்சம் இருந்தாலும் உருகிய ஈயம் ஒட்டாமல் வெறுமனே உறைந்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அந்தப் பட்டறையின் குண்டை நான் வாங்கமாட்டேன். பற்றவைத்த குண்டுதான் வேண்டுமானால், முன்பாதியைப் பற்றவைத்து நடுவில் தடுப்பும் வைத்த ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் போன்றதைக் கடையிலேயே வாங்கிவிடு. தூரம் 300 கஜத்துக்குள் என்றால் நீ பழகிய அதே செம்புக் குண்டையே அங்கும் கொண்டுபோவது நல்லது என்பது என் எண்ணம்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் வேட்டை இல்லை, இருக்கவும் வேண்டாம். இருந்தாலும் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே அந்தி வேளையில் நிற்கும் காட்டுமாட்டின் தோளைப் பார்க்கும்போதெல்லாம், அவ்வளவு கனமான எலும்பும் தசையும் ஒரு உலோகத் துண்டிடம் என்ன கேட்கும் என்று மனம் கணக்குப் போடத்தான் செய்கிறது.

வாங்கும் விதத்திலும் கவனம் வேண்டும். ஒரே கூரையின் கீழ் நடக்கும் தொழிலுக்கு ஒரு விபத்து போதும். ஆஸ்திரேலியாவின் உட்லீ நிறுவனத்தில் 2021இல் தீப்பிடித்தபோது, அவர்களை மட்டுமே நம்பியிருந்த பழைய ரைபிள்காரர்கள் திண்டாடிப் போனார்கள். முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்கிச் சோதித்துப் பார். பிடித்திருந்தால் அதே லாட்டில் சில ஆண்டுகளுக்குப் போதுமானதைச் சேர்த்து வாங்கிவிடு. தோட்டாவில் நீ நிரப்பும் வெடிமருந்தின் அளவை மட்டும் ஒருபோதும் மற்றொரு குண்டுக்குச் சொன்னதிலிருந்து எடுக்காதே. எடை ஒன்றாக இருந்தாலும் செம்புக் குண்டு நீளமாகையால் தோட்டா உறைக்குள் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். செம்பு ஈயத்தைப் போலக் குழலுக்குள் எளிதில் இளகியும் கொடுக்காது. அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். அந்தக் குண்டுக்கென்றே செய்தவர் அச்சிட்டுத் தரும் தொடக்க அளவிலிருந்துதான் மேலே போக வேண்டும். அப்படி ஓர் அட்டவணையைத் தராதவரிடம் வாங்கவே வேண்டாம்.

பெட்டி வந்ததும் பத்துக் குண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் எடை போட்டு, நீளத்தையும் விட்டத்தையும் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, லாட் எண்ணோடு எனக்கு எழுதி அனுப்பு. செம்பின் வகை குறித்து அந்தப் பட்டறைக்காரர் சொல்லும் பதிலையும் அப்படியே எழுது. கூடவே, சுடாத குண்டு ஒன்றை நீளவாட்டில் அறுத்து, மூக்குக் குழி தெளிவாகத் தெரியும்படி வெயிலில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. குழியின் ஆழத்தையும் சுவரின் கனத்தையும் பார்த்துவிட்டு, அது எந்த வேகத்துக்கு ஏற்றது என்று என் கணிப்பை எழுதுகிறேன். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பள்ளித்தோழன்