மதிய மணி அடித்தால் எங்கள் பிள்ளைகள் ஒன்றாக உட்காரட்டும்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

குளச்சலுக்கும் திங்கள்நகருக்கும் இடைப்பட்ட ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்குத் தினமும் சோறு கட்டி அனுப்புகிறவள் நான். எங்கள் பக்கத்துப் பள்ளியில் ஜூலையில் வந்த ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். பெற்றோர் கையெழுத்திட்ட மனு உங்கள் இரண்டு அலுவலகங்களிலும் இருக்கிறது. சத்துணவு சாப்பிடுகிறவர்கள் கூடத்தில், வீட்டுச் சோறு கொண்டு வருகிறவர்கள் வகுப்பறையில், மீன் கொண்டு வருகிறவர்கள் பின்பக்க வராந்தாவில், யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டை ரத்து செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அதற்கு முன், பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட பள்ளி மாமரத்தடியில் நடந்ததைச் சொல்கிறேன். மனுவில் அதை எழுத இடமில்லை. நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளில், பள்ளி திறக்கிற மாதமும் கையில் காசில்லாத மாதமும் ஒன்றுதான். பேத்தியின் வகுப்பில் ஒரு பையன், அவன் அப்பா விசைப்படகுக்காரர். போன வருடம் ஜூனில் அவன் பாத்திரத்தில் சோறும் ஓர் உருண்டைச் சம்மந்தித் துவையலும் மட்டும் இருக்குமாம். சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அவரவர் பாத்திரத்து மூடியில் கொஞ்சம் அவியலோ பயறோ முட்டையோ வைத்து நடுவில் தள்ளிவிடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தது யார், எடுத்தது யார் என்ற கணக்கே அங்கே கிடையாது. “பாட்டி, நாளைக்கு மரச்சீனிக் கிழங்கு கொஞ்சம் கூட வை” என்று இவள் கேட்டபோது, வளர்கிற பிள்ளைக்குப் பசி என்றுதான் நினைத்தேன். ஆகஸ்டில் படகுகள் கடலுக்குப் போன பிறகு, இவள் பாத்திரத்து மூடியில் கணவாய் வறுத்த மசாலா ஒட்டி வரத் தொடங்கியது. எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

எந்த ஆசிரியரும் சொல்லிக் கொடுத்து வந்த வழக்கம் இல்லை இது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது. அந்த மூடி வழியாகப் பெரியவர்களும் பழகினோம். அவன் அம்மா எங்கள் தெருவில் மீன் விற்பவள். பல வருடமாக வாசலில் நிறுத்தி விலை பேசி அனுப்பிய நாங்கள், அவளைத் திண்ணையில் உட்கார வைத்துக் கஞ்சித்தண்ணீர் கொடுத்தோம். கிறிஸ்துமசுக்கு அவர்கள் வீட்டு முந்திரிக்கொத்து எங்களுக்கு வந்தது. மாசிக் கொடைக்கு அவளும் என் மருமகளோடு மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்கு வந்து, கூட்டத்தில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒரு வீட்டிலிருந்து மீன் வாடை என்று புகார் போனது. தலைமையாசிரியர் பொல்லாதவர் இல்லை. பிரச்சனை வளர்ந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார். ஆனால் அந்த ஏற்பாடு தொடங்கிய முதல் நாள் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடற்கரைப் பிள்ளைகள் எல்லோரையும் பின்பக்க வராந்தாவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பையனும் போனான். அது தடைக்காலம். அவன் பாத்திரத்தில் மீன் இல்லை. அதே சம்மந்தியும் சோறும்தான் இருந்தன. பாத்திரத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அவன் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து அவன் பாத்திரம் கொண்டு வருவதில்லை. சத்துணவு இருக்கிறதே என்று எங்களுக்குப் பதில் சொன்னார்கள். அந்த வரிசையிலும் அவன் நிற்பதில்லை. மதியம் முழுவதும் குழாயடியில் நிற்கிறானாம். என் பேத்தி பாதிச் சோற்றைத் திருப்பிக் கொண்டு வருகிறாள். அவன் அம்மா எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஐயா, அம்மா, அந்த ஏற்பாட்டை ரத்து செய்யுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பீர்கள். 1982 மார்ச்சில் இந்துக்களுக்கும் கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தபோது நானும் ஏழாம் வகுப்புதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கடற்கரைப் பிள்ளை. பள்ளி மறுபடி திறந்தபோது அவள் வரவில்லை. வருடம் முடியும்வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டர்தான், நடுவில் ஏ.வி.எம். கால்வாய். நான் தாண்டிப் போகவில்லை, அவளும் வரவில்லை. 2004 டிசம்பர் 26 இரவு, சுனாமியில் தப்பி வந்தவர்களுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டை நீட்டிய ஒருத்தி என் பெயரைச் சொன்னாள். 22 வருடம் கழித்து அவள் குரலை அப்படித்தான் கேட்டேன். அந்த 22 வருடத்தை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது. என் பேத்திக்கும் அப்படி ஒன்று நேர வேண்டாம்.

கலவரத்துக்குப் பிறகு விசாரணை ஆணையம் வைத்தார்கள். குன்றக்குடி அடிகளார் வந்து சமாதானம் செய்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு மாணவன் வெட்டப்பட்ட பிறகு நீதிபதி சந்துரு குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. எல்லாமே இரத்தம் சிந்திய பிறகு. ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாமல், ஒரு பைசா செலவும் இல்லாமல் பிள்ளைகள் தாங்களே சேர்ந்து உட்கார்ந்த இடத்தில் நிர்வாகம் ஏன் கோடு கிழிக்கிறது? 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம், எழுத்தறிவில் மாநிலத்திலேயே நம் மாவட்டம்தான் முதலிடம் என்று மேடைதோறும் சொல்கிறோம். அந்த மாவட்டத்துப் பள்ளியில் கடலோரத்துக்கு ஒரு வராந்தா, உள்ளூருக்கு ஒரு வகுப்பறையா? ஒக்கிப் புயல் எங்கள் வாழையையும் சாய்த்தது, அவர்கள் வள்ளங்களையும் கொண்டுபோனது. அது யாரையும் தனியாகப் பிரித்து வைக்கவில்லை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. புகார் கொடுத்த வீட்டுப் பிள்ளை விரும்பினால் சற்றுத் தள்ளி உட்காரட்டும், எங்களுக்கு வருத்தமில்லை. மற்றவர்களைப் பிரிக்கும் ஏற்பாட்டை ரத்து செய்து, பள்ளிக்கு எழுத்தில் ஓர் உத்தரவு அனுப்புங்கள். முடிந்தால் உங்களில் ஒருவர் ஒரு நாள் மதியம் நேரில் வந்து பாருங்கள். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. வருகிற திங்கட்கிழமை பேத்தியின் பாத்திரத்தில் மரச்சீனி கொஞ்சம் கூடவே வைப்பேன். அதற்குள் உங்கள் உத்தரவு வரவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி