கழல் வேறு, கவசம் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த டிராய்ப் போர்க் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கிரேக்க வீரன் அகில்லீஸ் போருக்குக் கிளம்பும் இடம் அருமை. ஆனால் 'காலில் கழல் அணிந்தான்' என்ற வரி உறுத்துகிறது. அவன் அணிந்தது வீரத்துக்கு அடையாளமாகக் காலில் போடும் கழல் அல்ல, காலைக் காக்கும் கவசம்.

கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் க்னேமிஸ். க்னேமே என்றால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் உள்ள பகுதி, நம் கணைக்கால். அதைக் காப்பது க்னேமிஸ். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் கிரீவ் என்ற சொல்லும் கணைக்காலைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டில் வீரன் முதலில் பூட்டுவது இதைத்தான், அப்புறம்தான் மார்புக்கவசம். அகில்லீசுக்குக் கொல்லர் தெய்வமான ஹெபைஸ்டஸ் இதை வெள்ளீயத்தில் செய்து கொடுக்கிறான். பிற்காலக் கிரேக்கர்கள் வெண்கலத் தகட்டைக் கெண்டைக்கால் வளைவுக்கே தட்டிக் கொண்டுவந்தார்கள். வார் இல்லாமலே காலைக் கவ்விக்கொண்டு நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹோமரின் இன்னொரு காப்பியமான ஒடிசியின் கடைசிப் பகுதியில் வரும் இடம். அதன் நாயகன் ஒடிசியூசின் வயதான தகப்பன் லயர்டீஸ் தோட்டத்தில் செடிக்கு மண் கொத்திக்கொண்டிருக்கிறான். கீறல் படாமல் இருக்க மாட்டுத்தோலைத் தைத்துக் காலில் கட்டியிருக்கிறான். அதற்கும் அதே க்னேமிஸ்தான் பெயர். எங்கள் ஊரில் கரும்பு வெட்டப் போகிறவர்கள், கரும்புத் தோகையான சோகை அறுக்காமல் இருக்கக் காலில் சாக்கைச் சுற்றிக் கட்டுவார்கள். வேலை ஒன்றுதான்.

கழலுக்கு அந்த வேலை கிடையாது. 'கிண்கிணி களைந்தகால் ஒண்கழல் தொட்டு' என்று பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடுகிறது புறநானூறு (பாட்டு 77). சிறுபிள்ளைச் சதங்கையைக் கழற்றிய காலில் வீரக்கழல் ஏறுகிறது. எந்த அம்பையும் தடுக்க அல்ல, இவன் வீரன் என்று காட்ட. இரண்டையும் ஒன்றாக்கினால் ஹோமரும் கெடுகிறார், நம் புலவரும் கெடுகிறார்.

தமிழில் வேறு சொல் இல்லையா என்று கேட்கலாம். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில், மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வழி நடக்கும் வணிகர்கள் 'அடிபுதை அரணம்' அணிந்திருக்கிறார்கள். அடியை மறைக்கும் காவல் என்பது பொருள். நச்சினார்க்கினியர் செருப்பு என்றே உரை எழுதினார். எனவே அதையும் அப்படியே எடுத்துப் போட முடியாது, பாதத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் அரணம் என்ற சொல் நம் கையில் இருக்கிறது. அதோடு கணைக்காலைச் சேர்த்தால் போதும். கட்டுரை நூலாக வரும்போது அந்த வரியைக் 'கணைக்கால் அரணம் பூண்டான்' என்று திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
விழுப்புரம்