துப்பு துலக்க நேரமில்லையா?

ஆசிரியருக்கு,

டிவி க்ரைம் தொடர்களில் இன்ஸ்பெக்டர் இப்போதெல்லாம் யோசிப்பதே இல்லை. கதவை உதைக்கிறார், மொட்டைமாடியில் ஓடுகிறார், நாலு அறை விட்டதும் பிடிபட்டவன் எல்லாவற்றையும் கக்கிவிடுகிறான். அடிவாங்குகிறவன் பெரும்பாலும் வடசென்னைக்காரனாகத்தான் இருப்பான், அது வேறு கதை!

1952 ஆளவந்தார் கொலை வழக்கைப் பாருங்கள். கொல்லப்பட்ட ஆளவந்தார், முன்பு ராணுவத்தில் வேலை பார்த்த சென்னை வியாபாரி. தலை எங்கள் ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. உடலோ மானாமதுரையில், ரயிலில் போன டிரங்குப் பெட்டிக்குள். இரண்டும் ஒரே ஆளுடையதுதானா? மருத்துவர்கள் பொருத்திப் பார்த்தார்கள். கைரேகையைப் பழைய ராணுவப் பதிவோடு ஒப்பிட்டார்கள். அதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. இப்படி ஒரு வழக்கை வாரத்துக்கு ஒரு துப்பாக அவிழ்த்தால் உட்கார்ந்து பார்க்க நாங்கள் தயார். ஸ்லோமோஷன் சண்டையைக் குறைத்தாலே அதற்கு நேரம் கிடைத்துவிடும்.

– ஒரு வாசகர், ராயபுரம்